‘இருட்டுலயும் வளருதே, வெயில் எதுக்கு?’ – கமுதிப் பக்கத்து முளைப்பாரி சொல்லும் பாடம்

அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே கமுதி சாலையில் போகப் போக, மண்ணின் நிறம் கறுத்துக்கொண்டே வரும். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழைக்காலத்தில் மிளகாயும் மல்லியும் பருத்தியும் குதிரைவாலியும் நிற்கும் நிலம், ஆடி, ஆவணியில் உழுது போட்டபடி வெடித்துக் கிடக்கும். உழாத இடத்தையெல்லாம் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கங்கே கரிமூட்டத்தின் புகை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

வெயிலுக்கு இங்கே குறைவில்லை. கமுதி அருகே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலத் தகடுகள் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். தட்டுப்பாடெல்லாம் தண்ணீருக்குத்தான். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை எண்ணிவிடலாம். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிறைத்தால் விவசாயம், இல்லாவிட்டால் இல்லை. நாலைந்து குடங்கள் வைத்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு குடிநீருக்குப் போகும் பெண்களை இந்தச் சாலையில் காலையிலும் மாலையிலும் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஒரு சின்னக் கிராமத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வியில்தான் கதை தொடங்குகிறது.

முத்துப் போட்ட செவ்வாய்க்கிழமை

ஆவணியில் ஊர் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுப்பது வழக்கம். பொங்கலுக்கு எட்டு, ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை முத்துப் போடுவார்கள். முதல் நாளே தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு எல்லாவற்றையும் ஊறவைத்து விடுவார்கள். மண்சட்டியின் அடியில் வைக்கோல், அதன் மேல் காய்ந்த சாணத்தூளும் சலித்த கரிசல் மண்ணும், அதன் மேல் ஊறிய பயறு. சட்டிகளெல்லாம் முளைப்பாரி வீட்டுக்குப் போகும். வெளிச்சம் புகாத அறை. சாளரத்தையும் சாக்கால் மூடிவிடுவார்கள். விரதம் இருக்கும் பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார்கள். ராத்திரியானால் வாசலில் கும்மி.

முளைப்பாரி நன்றாக வளர்ந்தால் அந்த வருசம் மழையும் வெள்ளாமையும் நன்றாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் ஒரு வீட்டுச் சட்டி சவலையாக இருந்துவிட்டால் அந்த வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிப் போகும். இதற்குள் விதை பார்க்கும் வேலையும் இருக்கிறது. எந்தக் குதிர் விதை நன்றாக முளைக்கிறது, எது பூச்சி அரித்துச் சொத்தையாகிவிட்டது என்பதெல்லாம் புரட்டாசி விதைப்புக்கு முன்பே ஊருக்கு வெட்டவெளிச்சமாகிவிடும்.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில், செடி வளர என்னென்ன வேண்டும் என்று பாடம் நடந்தது. தண்ணி, காத்து, வெயில், மண்ணு என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள்.

“டீச்சர், எங்க அப்பத்தா முளைப்பாரிய இருட்டுலதான் வச்சிருக்கு. வெயிலே படல. ஆனா இம்புட்டு ஒசரம் வளந்திருக்கே. அப்ப வெயில் எதுக்கு?”

கையை விரித்து ஒரு சாண் காட்டினாள். வகுப்பே டீச்சரைப் பார்த்தது.

அது சாமி காரியம், பாடத்தில் இருப்பதை மட்டும் படி என்று சொல்லி உட்கார வைத்திருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கும். அதன் பிறகு அந்தப் பிள்ளை கேள்வி கேட்காது. பாடப் புத்தகம் ஒரு உலகம், அப்பத்தா இருக்கும் காடுகரை வேறு உலகம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும். அந்த ஆசிரியை, “உங்க அப்பத்தாகிட்டயே கேட்போம்” என்றார். சாயங்காலம் பள்ளி விட்டதும் போய்க் கேட்கவும் செய்தார்.

முளைப்பாரி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “சாமி காரியத்துல என்னத்தா ஆராய்ச்சி?” என்றார். அப்புறம் பேத்தி கேட்ட கேள்வி என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

“வெயில் பட்டா கட்டையாப் போயிரும் டீச்சரு. தலையில தூக்கிட்டுப் போகையில நெடுநெடுன்னு நின்னாத்தான அழகு? அதுக்குத்தான் இருட்டு. ஆனா அது அந்த ஒன்பது நாளைக்குத்தான். அதைக் கொண்டு போயி காட்டுல நட்டா நிக்குமா?”

ஆசிரியைக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் பத்தாது. “மிச்ச முத்து கொஞ்சம் குடுங்கம்மா. சட்டி எதையும் தொடமாட்டோம்” என்று கேட்டு, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆறு கொட்டாங்குச்சி

மறுநாள் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஆறு கொட்டாங்குச்சிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கொட்டாங்குச்சிக்கு இயற்கையே கண் வைத்திருக்கிறது. பெரியவர்கள் ஆணியால் அந்தக் கண்ணைக் குத்திவிட்டால் மிச்சத் தண்ணீர் வடிந்துவிடும். தொட்டி வாங்கும் செலவு இல்லை.

முதல் கொட்டாங்குச்சியில் மண், மூன்று பயறு, தினம் இரண்டு கரண்டி தண்ணீர், காலை வெயில். இரண்டாவதில் எல்லாம் அதே மாதிரி, ஊறவைக்காத பயறு, தண்ணீர் மட்டும் கிடையாது. மூன்றாவதுக்குத் தண்ணீர் உண்டு, வெயில் இல்லை. ஒரு பானையைக் கவிழ்த்து மூடிவிட்டார்கள். நான்காவதின் கண்ணைக் களிமண்ணால் அடைத்து, எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கும்படி வைத்தார்கள். ஐந்தாவதில் மண்ணுக்குப் பதில் நனைத்த பழைய வேட்டித் துணி. ஆறாவது முதலாவதைப் போலத்தான், ஆனால் மூன்று பயறுக்குப் பதில் இருபது.

ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும். வெயிலையும் குறைத்து, தண்ணீரையும் குறைத்துவிட்டால், செடி செத்தது எதனால் என்று பெரியவர்களுக்கே சொல்ல வராது. வயலில் உரத்தையும் மருந்தையும் தண்ணீரையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் நிற்பதும் இதே கதைதான்.

எழுதத் தெரியாத பிள்ளைகள் எப்படிக் குறித்து வைப்பது? அதற்கும் ஒரு வழி. இரண்டு நாளைக்கு ஒருமுறை தென்னை ஈர்க்கைச் செடியின் பக்கத்தில் நிறுத்தி, செடியின் உயரத்துக்கு ஒடித்து, நோட்டில் ஒட்டிவிடுவார்கள். ஈர்க்குகள் வரிசையாக நீண்டுகொண்டே போவதை மூன்று வயதுப் பிள்ளையும் படித்துவிடும்.

மூன்றாம் நாள் இருட்டிலும் வெயிலிலும் துணியிலும் முளை வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றாத பயறு போட்டது போட்டபடி கிடந்தது. தண்ணீர் தேங்கிய கொட்டாங்குச்சியில் கொஞ்சம் முளைகாட்டிவிட்டு நாற்றம் எடுக்கத் தொடங்கியது. எட்டாம் நாள் பானையைத் தூக்கிப் பார்த்தபோது திண்ணையே கூச்சல் போட்டது. இருட்டில் இருந்தது ஒரு சாண் உயரம். வெயிலில் இருந்தது நாலு விரல்கடைதான்.

“இருட்டுதான் ஜெயிச்சுச்சு!” என்று கேள்வி கேட்டவள் குதித்தாள். ஈர்க்கு நோட்டும் அவள் பக்கம்தான் சாட்சி சொன்னது. ஆசிரியை மறுத்துப் பேசவில்லை. “இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்” என்று பானையை மறுபடி கவிழ்த்தார்.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?

அந்த ஒரு வாரத்துக்குள் கோயில் பொங்கல் முடிந்தது. முளைப்பாரிகள் ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைந்தன. இந்த வருசம் எல்லார் வீட்டுச் சட்டியும் நன்றாக வந்திருந்தது என்று ஊருக்குத் திருப்தி.

திண்ணையில் நிலைமை வேறு. பானைக்குள் இருந்த செடிகள் வெளிறி, நூலைப் போல மெலிந்து, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தண்ணீர் ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் போய்விட்டன. வெயிலில் இருந்தவை குட்டையாக, பச்சையாக, மூன்றிலைக் கொத்து விட்டு நின்றன. ஜெயித்ததாகச் சொன்னவள் அழுதுவிட்டாள். அது அவளுடைய கொட்டாங்குச்சி.

அன்றைக்கு அப்பத்தாதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பயறைப் பிளந்து காட்டினார்.

“இந்தா பாரு. ரெண்டு பருப்பு, நடுவுல குருத்து. தாய்ச்செடி பிள்ளைக்குக் கட்டிக் குடுத்த சோறுத்தா இது. வழியில திங்கிறதுக்கு. இருட்டுல கெடந்த பய இந்தச் சோத்த மட்டும் தின்னுக்கிட்டு வெளிச்சத்தத் தேடி ஓடுனான். சோறு தீந்துச்சு, விழுந்துட்டான். வெயில்ல நின்ன பய சோறு தீர்றதுக்குள்ள இலைய விரிச்சு, தானே ஆக்கித் திங்கப் படிச்சுக்கிட்டான்.”

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விதை முளைக்க வேண்டியது ஈரமும் காற்றும் கதகதப்பும்தான். பயறு போன்ற பல விதைகள் முளைக்க வெளிச்சம் தேவைப்படாது. முளைத்தபின் நின்று வளரத்தான் வெளிச்சம் வேண்டும். இருட்டில் முளைத்த செடி வெளிச்சம் மேலே எங்கோ இருக்கிறது என்று தண்டை நீட்டிக்கொண்டே போகும். வெளிச்சம் இல்லாததால் பச்சையமும் உண்டாகாது, அதனால்தான் அந்த மஞ்சள். பச்சை இலை கிடைத்ததும் செடி காற்றிலிருந்து கரியமில வாயுவையும் வேரிலிருந்து தண்ணீரையும் எடுத்து, வெயிலின் பலத்தால் தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்துகொள்கிறது. ஆசிரியை இதைச் சொல்ல வேறெங்கும் போகவில்லை. “பஸ்ல போகும்போது நீலத் தகடு பாத்திருக்கீங்கல்ல? இலையும் அதே மாதிரி வெயிலப் பிடிக்கிற தகடுதான். அது கரண்டு செய்யும். இது செடிக்குச் சோறு செய்யும்” என்றார்.

துணியில் முளைத்த செடியும் இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு வளர்ச்சி நின்றுபோனது. தண்ணீரும் வெயிலும் கிடைத்தும் மண்ணிலுள்ள சத்து கிடைக்கவில்லை. இருபது பயறு போட்ட கொட்டாங்குச்சியில் எல்லாம் முளைத்து, ஒன்றும் தேறவில்லை. நடுவே பாதியைப் பிடுங்கலாமா என்று கேட்டபோது பிள்ளைகள் சம்மதிக்கவில்லை, பாவம் என்றார்கள். மூன்றாவது வாரம், பாவம் பார்த்ததால் எல்லாமே சவலையாகிவிட்டன என்பதை அவர்களே பார்த்தார்கள். கலைத்துவிடுவது என்றால் என்ன என்று இதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று ஊர்ப்பக்கம் கேட்பார்கள். பயறுக்குள் இருந்த சோற்றின் கணக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்த சொல்லுக்கும் அதே கணக்குதான். பிள்ளை கண்ணால் பார்த்துத் தானாகக் கண்டுகொண்டதே கடைசிவரை நிற்கும்.

குடத்துத் தண்ணீர்

இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் வந்தது. பள்ளியில் பார்த்ததை வீட்டில் செய்யப் போன பையன் ஒருவன், பாசத்தில் தினம் அஞ்சு டம்ளர் தண்ணீரைத் தன் செடிக்கு ஊற்றினான். தள்ளுவண்டியில் உருட்டி வந்த தண்ணீர். அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தார். செடியும் மஞ்சளாகி அழுகியது. இரண்டு பக்கமும் அடி.

அவனிடம் நான்காவது கொட்டாங்குச்சியைத்தான் ஆசிரியை காட்டினார். வேரும் மூச்சு விடும். மண்ணுக்குள் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றுதான் அதற்கு மூச்சு. அந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறி அழுகிவிடும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார், ஈரம் பட்டால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று பழக்கினார். அன்றிலிருந்து கைகழுவும் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும்தான் செடிக்கு. அம்மாவுக்கும் சமாதானம்.

அப்போதுதான் வேறொரு பிள்ளை, “சீமைக்கருவேலத்துக்கு யாரு தண்ணி ஊத்துறா?” என்று கேட்டது. யாரும் ஊற்றுவதில்லை, அதன் வேர் ஆழத்துக்குப் போய்த் தானே எடுத்துக்கொள்கிறது. எல்லாச் செடிக்கும் தண்ணீர் வேண்டும், ஆனால் எல்லாச் செடியின் வேரும் ஒரே ஆழம் போவதில்லை. பயறுக்கு அந்த வேர் கிடையாது என்பதால்தான் மழையைப் பார்த்து விதைக்கிறோம் என்று அப்பத்தா முடித்து வைத்தார்.

கார்த்திகை அடைமழை

புரட்டாசியில் மிளகாய் விதைத்தார்கள். கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், அந்தப் பெண்பிள்ளையின் அப்பா வைத்திருந்த மிளகாய்க்காட்டின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கட்டிக்கொண்டது. கரிசல் மண் குடித்த தண்ணீரை எளிதில் விடாது. நாலாம் நாள் செடிகள் துவண்டு நின்றன. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மகளும் பின்னாலேயே ஓடினாள்.

துவண்ட செடியைப் பார்த்து, “அப்பா, இதுக்கு மூச்சு முட்டுது” என்றாள்.

அது அவருக்குத் தெரியாததல்ல. வடிகால் வெட்டத்தான் அவர் போனதே. ஆனால் அதுவரை அவருடைய வேலை அந்தப் பிள்ளைக்கு வெறும் மண்வெட்டி வேலையாகத்தான் தெரிந்திருந்தது. ஒழுங்காகப் படிக்காவிட்டால் இந்த வேலைதான் என்று வீட்டிலேயே சொல்லி வளர்த்த வேலை. அன்றைக்கு அவர் எதற்கு அந்த இடத்தில் வெட்டுகிறார், ஏன் சாய்வுப் பக்கம் வெட்டுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் வெட்டியபடியே சொல்லிக்கொண்டு வந்தார். கீழ்ப்பக்கம் இரண்டு பாத்தி போய்விட்டது. மற்றது தேறியது. நாளைக்கு அந்தப் பிள்ளை விவசாயம் பார்க்குமோ, வேறு வேலைக்குப் போகுமோ, யார் கண்டது? அப்பா செய்வது விஷயம் தெரிந்தவர் செய்யும் வேலை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இன்றைய கிராமத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

திண்ணையில் மிஞ்சிய முதல் கொட்டாங்குச்சிச் செடிகளைப் பள்ளியில் கைகழுவும் இடத்துக்கு அருகே நட்டிருந்தார்கள். ஆடு ஒன்றைக் கடித்துவிட்டது. ஒன்று மழையில் சாய்ந்தது. மிச்சம் இருந்த ஒன்று காய்த்து, நெற்றானதும் பிள்ளைகள் உடைத்து எண்ணிப் பார்த்தார்கள். போட்டது ஒரு பயறு, வந்தது ஒரு சின்னக் கை நிறைய. எண்ணி முடித்ததைத் துணியில் முடிந்து அப்பத்தாவிடமே கொடுத்துவிட்டார்கள், அடுத்த வருச முத்துக்கு.

வீட்டில் செய்து பார்க்க

* பச்சைப்பயறு, தட்டைப்பயறு, வெந்தயம் ஆகியவை சீக்கிரம் முளைக்கும். மல்லி முளைக்கக் கூடுதல் நாளாகும், அதை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று நாளில் முளை தெரிந்தால்தான் ஆர்வம் நிற்கும் என்பதால் பயறில் தொடங்குவதே நல்லது.
* மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு மண்ணைத் தொட்டு, தண்ணீர் தெளித்தால் போதும். நாலைந்து வயதில் இரண்டு கொட்டாங்குச்சியை ஒப்பிட்டுப் பார்க்கும். ஆறு வயதுக்கு மேல் தானே குறித்து வைக்கும்.
* விதைக்கும் முன், ‘இதுல என்ன ஆகும்னு நினைக்கிற?’ என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம், செடி திருத்தும்.
* பிள்ளையின் செடி செத்துப்போனால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு செடி மாற்றி வைக்காதீர்கள். பிடுங்கி வேரைக் காட்டி, காரணத்தைச் சேர்ந்து தேடுங்கள்.
* மருந்து கலந்து நிறமேற்றிய விதைப் பாக்கெட் பிள்ளைகள் கையில் படவே கூடாது. சமையலுக்கு வைத்திருக்கும் பயறே போதும். ஆமணக்கு, குண்டுமணி, ஊமத்தை, அரளி விதைகள் விஷம். அவற்றை விளையாட்டுக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.
* பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த டப்பாவைக் கழுவினாலும் தொட்டியாக்கக் கூடாது.
* பயறை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது. விதைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வைக்க வேண்டும்.
* தண்ணீர் தேங்கும் சோதனையை நாலைந்து நாளில் முடித்துக் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

உங்கள் ஊரில் முளைப்பாரி போட்டால், மிச்ச முத்தில் ஒரு கைப்பிடி பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள். போடாத ஊரில் அடுக்களை டப்பாவில் இருக்கும் பயறும் ஒரு கொட்டாங்குச்சியும் போதும்.